திருத்து பொத்தானைத் தட்டினால் விவரம் எந்த வழியில் போகணும்? ஒரு நண்டுக் கணக்கை வைத்து ஒரு அலசல்

பாம்பனில் நண்டு எடுக்கும் வியாபாரி ஒருவருக்குக் கணக்குப் பக்கம் எழுதிக் கொடுத்தேன். வரிசைக்கு ஒரு படகு: பதிவு எண், உரிமையாளர் பெயர், எடை, கிலோ விலை, முன்பணம், பாக்கி. கடைசியில் 'திருத்து' பொத்தான். தட்டினால் அந்த வரிசையின் விவரம் பிரவுசரில் ஓடும் ஸ்கிரிப்ட்டான ஜாவாஸ்கிரிப்ட்டுக்குப் போய் ஒரு சின்னப் பெட்டியில் விரிய வேண்டும். வேலை அவ்வளவுதான். ஆனால் விவரத்தை அனுப்பும் வழியை மட்டும் பலமுறை மாற்றி எழுதினேன்.

முதலில் எல்லாரும் செய்வதையே செய்தேன். தட்டினால் ஓடவேண்டியதை எழுதும் இடமான ஆன்கிளிக்கிலேயே ஃபங்ஷனைக் கூப்பிட்டு, அடைப்புக்குள் எண், பெயர், எடை எல்லாவற்றையும் சர்வரில் ஓடும் பிஎச்பியால் அச்சிட்டுவிட்டேன். முதல் அடி பதிவு எண்ணில் விழுந்தது. இங்குள்ள படகு எண்கள் ஐஎன்டி-டிஎன்-10 என்று தொடங்கும். மேற்கோள் குறி போட மறந்ததால் ஸ்கிரிப்ட் அந்த இடைக்கோடுகளைக் கழித்தல் என்று எடுத்துக்கொண்டது. ஐஎன்டி என்று ஒரு மாறியைத் தேடி, கிடைக்காமல் நின்றது. சரி, மேற்கோள் போட்டேன். அடுத்து வந்தவர் பெயர் டி'குரூஸ். இந்தக் கரையில் அந்தப் பெயருக்குப் பஞ்சமே இல்லை. நடுவிலிருக்கும் ஒற்றைக் குறி பெயரைப் பாதியில் முடித்துவிட, பொத்தான் செத்துப்போனது.

அந்தக் குறியை எச்டிஎம்எல் குறியீடாக மாற்றினால் தீரும் என்று நினைத்தேன். தீராது. பிரவுசர் முதலில் ஆட்ரிபியூட்டின் (டேக்குக்குள் எழுதும் விவரம், இங்கே ஆன்கிளிக்) மதிப்பை விரித்துப் பழைய குறியாக்கிவிட்டு, அப்புறம்தான் ஜாவாஸ்கிரிப்ட்டிடம் கொடுக்கிறது. முதலில் ஜேசன் (விவரத்தை ஜாவாஸ்கிரிப்ட் படிக்கும் வடிவில் எழுதும் முறை) ஆக்கி, அதன்மேல் எச்டிஎம்எல் எஸ்கேப் (சிறப்புக் குறிகளைக் குறியீடாக மாற்றுவது) செய்தால்தான் சரிப்படும். இந்த ஓட்டை வழியாகப் பெயர்ப் பெட்டியில் யாராவது ஸ்கிரிப்ட்டையே எழுதிவிட்டால் அதுவும் ஓடும். எந்த ஸ்கிரிப்ட் ஓடலாம் என்று கட்டுப்படுத்தும் கண்டென்ட் செக்யூரிட்டி பாலிசியைத் தளத்தில் ஒழுங்காகப் போட்டால் ஆன்கிளிக் மொத்தமாக முடங்கும். இந்த வழியை இனி தொடுவதில்லை.

அடுத்தது சோம்பேறி வழி. விவரம்தான் கட்டத்தில் கண்ணெதிரே இருக்கிறதே, அதையே படித்துக்கொள்வோம் என்று நாலாவது கட்டம், ஐந்தாவது கட்டம் என எண்ணி எடுத்தேன். ரெண்டு நாளில் வியாபாரி கேட்டார்: "தம்பி, ஒன்னேகால் லட்சம் முன்பணம் கொடுத்திருக்கேன், பெட்டியில ஒரு ரூபான்னு நிக்குதே?" கட்டத்தில் இருந்தது 1,25,000. எழுத்தை எண்ணாக்கும் பார்ஸ்இன்ட் முதல் காற்புள்ளியைக் கண்டதும் நின்று, கையிலிருந்த 1ஐத் திருப்பிக் கொடுத்துவிட்டது. நம்பர் ஃபங்ஷனாவது 'எண் இல்லை' என்று சொல்லியிருக்கும். இது சத்தமில்லாமல் தப்பான தொகையைக் கொடுத்தது. மனிதர் படிக்க எழுதியதை இயந்திரத்துக்கு ஊட்டினால் இப்படித்தான். நடுவில் ஒரு பத்தியைச் சேர்த்தாலும் எண்ணிக்கை எல்லாம் நகர்ந்துவிடும்.

மூன்றாவது, டேட்டா ஆட்ரிபியூட். வரிசையின் டேக்கிலேயே டேட்டா-எடை, டேட்டா-விலை என்று காற்புள்ளி இல்லாத மதிப்பை வைத்துவிட்டு ஸ்கிரிப்ட்டில் டேட்டாசெட் வழியாக எடுப்பது. டி'குரூஸ் இங்கே சிக்கலே இல்லை, சாதாரண எச்டிஎம்எல் எஸ்கேப் போதும். அட்டவணைக்கு ஒரே ஒரு கிளிக் கவனிப்பானை வைத்து, தட்டிய இடத்திலிருந்து மேல்நோக்கித் தேடும் குளோசஸ்ட் மூலம் எந்த வரிசை என்று பிடித்தால், பிறகு சேர்க்கும் வரிசைக்கும் அது தானாக வேலை செய்யும். ஐந்தாறு விவரம் வரைக்கும் என் ஓட்டு இதற்குத்தான்.

ஆனால் வருவதெல்லாம் எண் இல்லை, எழுத்துச் சரம் என்பதை மறக்கக்கூடாது. 500உடன் 200ஐக் கூட்டினால் 500200. எடைப்படி அடுக்கினால் 42 கிலோவைவிட 9 கிலோ பெரிது. பாக்கி 0 என்றாலும் அது காலி இல்லாத சரம், ஆகவே 'உண்டு' என்றே கணக்காகும். இன்னொன்று, டேக்கில் பெரிய ஆங்கில எழுத்து கலந்து எழுதினால் பிரவுசர் எல்லாவற்றையும் சிறிய எழுத்தாக்கிவிடும்; இடைக்கோடு போட்டு எழுதினால்தான் ஸ்கிரிப்ட்டில் அடுத்த எழுத்து பெரிதாகிக் கிடைக்கும். ஜேகுவெரி என்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகம் வைத்திருப்பவர்களுக்குத் தனி எச்சரிக்கை: அதன் டேட்டா ஃபங்ஷன் ஆட்ரிபியூட்டை ஒருமுறைதான் படிக்கும். எடையைத் திருத்தி ஆட்ரிபியூட்டை மாற்றினாலும் பழைய எடையையே சொல்லிக்கொண்டிருக்கும். அரைநாள் போனது எனக்கு.

நான்காவது வழியில் வரிசையில் ஐடி மட்டும் இருக்கும். மொத்த விவரமும் பக்கத்தின் அடியில் அப்ளிகேஷன்/ஜேசன் வகை ஸ்கிரிப்ட் டேக்கில் கிடக்கும். திறக்கும்போது ஒருமுறை பார்ஸ் செய்து (படித்துப் பிரித்து), ஐடியைச் சாவியாக வைத்து ஒரு மேப்பில் (சாவியைக் கொடுத்தால் விவரம் தரும் பட்டியல்) போட்டுக்கொள்ளலாம். எண் எண்ணாகவே வரும், ஒரு படகுக்குள் நாலு நாள் கொள்முதலையும் அடுக்கலாம். ஒரே கவனம், சிறிய கோணக்குறியை (<) யூனிகோட் எஸ்கேப்பாக மாற்றி அச்சிடுவது. இல்லையென்றால் விவரத்துக்குள் ஸ்கிரிப்ட்டை மூடும் டேக் வந்தால் பக்கம் அங்கேயே உடையும். ஒரே எடை அட்டவணையிலும் மேப்பிலும் இருப்பதால் திருத்தும்போது ரெண்டையும் மாற்ற வேண்டும்.

தட்டும்போதெல்லாம் ஃபெட்ச் (ஸ்கிரிப்ட்டிலிருந்தே சர்வரோடு பேசும் வழி) வைத்து சர்வரைக் கேட்கலாமே என்று நண்பன் சொன்னான். கம்பெனியில் உட்கார்ந்திருப்பவருக்குச் சரி. கரையில் எடை போடும் இடத்தில் சிக்னல் வரும், போகும். பெட்டி சுற்றிக்கொண்டே நிற்க, நண்டு கொண்டுவந்தவர் முகத்தைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்திலும் நாட்டுப்படகு நண்டு வந்துகொண்டிருக்கும், எனவே கூட்டமில்லாத மாதம் என்று ஒன்றும் இல்லை.

இப்போது ஓடுவது நான்காவது. ஃபெட்ச் சேமிக்கும்போது மட்டும்: ஐடியும் மாறிய எடையும் போகும், பாக்கியை சர்வரே கணக்குப் போட்டுத் திருப்பித் தரும். பக்கத்தில் எந்த வழியில் வைத்தாலும் பிரவுசரிலேயே இருக்கும் டெவலப்பர் டூலைத் திறந்து யாரும் மாற்றிவிடலாம் என்பதால், பிரவுசர் சொல்லும் பாக்கியை வாங்குவதே இல்லை. வியாபாரி அடுத்ததாக அச்செடுக்கும் பொத்தான் கேட்டிருக்கிறார். அதற்கும் அதே மேப்தான்.