எழுபதுக்குக் கீழே இறங்காத ஜெராக்ஸ் கடை

பாளையங்கோட்டையில் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு எதிர்த்தாற்போல இருக்கிற ஜெராக்ஸ் கடைக்கு ஐந்துக்கு நான்கு நட்சத்திரம். போர்டில் பெயர் பாதி உரிந்துபோய்விட்டது. எல்லோருக்கும் அது அண்ணாச்சி கடை, அவ்வளவுதான். ஆறு முதல் பத்து வரை அறிவியல் எடுக்கிற டீச்சர் நான். பதினோரு வருஷமாக அங்கேதான் வாடிக்கை.

ஒரு பக்கம் 2 ரூபாய், முன்னும் பின்னும் என்றால் 3. எழுத்து பளிச்சென்று விழும், ஓரத்தில் கறுப்புக் கோடு வராது. வினாத்தாள் நாற்பது செட் கொடுத்தால் எண்ணி, பின் அடித்து, கவரில் போட்டு ஒட்டியே தருவார். ஒரு தடவைகூட எங்கள் கேள்வி வெளியே போனதில்லை. ஸ்பைரல் மட்டும் இங்கே போடாதீர்கள், ஒரு மாதத்தில் கழன்றுவிடும்.

மெஷினுக்கு மேலே சுவரில் ஓர் அட்டை: "மைக்ரோ ஜெராக்ஸ் எடுப்பதில்லை. கேட்கவும் வேண்டாம்." பிட்டு அடிக்க எழுத்தைச் சுருக்கி எடுக்கிற நகல்தான் மைக்ரோ ஜெராக்ஸ். போன பொதுத்தேர்வு சமயம் நான் நிற்கும்போதே ஒரு பையன் கைடிலிருந்து கிழித்த பத்துத் தாளை நீட்டினான். எங்கள் யூனிபார்ம் இல்லை.

"அண்ணாச்சி, இருபத்தஞ்சுல போடுங்க."

"எழுபதுக்குக் கீழ எறங்காதுலே."

"பஸ்ல படிக்கணும் அண்ணாச்சி. கைடு கனமா இருக்கு."

"பத்துத் தாளு கனமாலே ஒனக்கு?"

ஏ3 தாளை ஏ4 ஆக்க எழுபது சதவீதம் போதும், அதற்கும் கீழே கேட்கிறவன் படிக்கக் கேட்கவில்லை என்பது அவர் கணக்கு. பையன் அடுத்த தெருவுக்கு நடந்தான். அங்கே எடுத்துக் கொடுப்பார்கள் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அந்தச் சுருக்கல் தேர்வு அறையில் எப்படி வரும் என்று பார்த்தவர்களுக்குத்தான் இந்த அட்டையின் அருமை புரியும். தீப்பெட்டி அகலத்துக்கு வெட்டி, நடுவில் ஒரே ஒரு ஸ்டேப்ளர் பின். பத்து மணிக்கு வினாத்தாள் கொடுத்ததும் வாசிக்கப் பத்து நிமிஷம் உண்டு இல்லையா, கை பாக்கெட்டுக்குப் போவது அப்போதுதான். கேள்வியைப் பார்க்காமல் என் செருப்பைப் பார்க்கிற பிள்ளை யார் என்று கவனித்தால் போதும், கண்டுபிடித்துவிடலாம். ஒரு முறை அப்படி ஒரு பிட்டைப் பிடுங்கிப் பார்த்தேன். எழுத்து எனக்கே தெரியவில்லை. அவனும் அதில் ஒரு வரி படித்திருக்க மாட்டான்.

சரி, அந்த ஒரு நட்சத்திரத்தை ஏன் குறைத்தேன்?

கடைக்குள் இடது பக்கம் ஓர் அலமாரி இருக்கிறது. தெர்மாகோல் எரிமலை, நீர்ச் சுழற்சி சார்ட், இதயம் மாடல், சூரியக் குடும்பம். எல்லாமே செய்து முடித்தவை. பெயர் எழுத மட்டும் கீழே ஒரு வெள்ளைக் கட்டம் விட்டிருக்கும். சூரியக் குடும்பம் 250 ரூபாய். மாடல், சார்ட் மாதிரி வேலைகளும் சேர்ந்த வளரறி மதிப்பீட்டுக்கு 40 மதிப்பெண், பருவக் கடைசித் தேர்வான தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60 என்று வருஷத்தை மூன்றாகப் பிரித்த முப்பருவ முறை வந்ததிலிருந்து இந்த அலமாரிக்கு நல்ல ஓட்டம். ஒரு திங்கட்கிழமை ஆறாம் வகுப்பில் மூன்று பிள்ளைகள் சூரியக் குடும்பம் கொண்டுவந்தார்கள். மூன்றிலும் ஒன்பது கோள். புளூட்டோவைக் குறுங்கோள் என்று 2006லேயே தள்ளிவைத்தாயிற்று, எங்கள் பாடத்திலும் எட்டுதான். மூன்று புளூட்டோவும் ஒரே பச்சை.

அண்ணாச்சியிடம் கேட்டேன். "டீச்சர், பிட்டு வேற, இது வேற. வெள்ளிக்கிழம சாயங்காலம் சொல்லி திங்கக்கிழம கேட்டா பிள்ளைய என்ன செய்யும்? அதுக அம்மா பீடி சுத்துவாளா, தெர்மாகோல் வெட்டுவாளா?" எனக்குப் பதில் வரவில்லை. வெள்ளிக்கிழமை சொன்னதே நான்தான். அதோடு, போன வருஷம் அதே அலமாரியிலிருந்து என் மகளுக்கு மழைநீர் சேகரிப்பு மாடல் வாங்கினவளும் நான்தான். 'நானே செய்தது' என்று அவள் எழுதினாள், பெற்றோர் கையெழுத்து நான் போட்டேன்.

பிரிண்ட் விஷயத்திலும் இதே இழுபறி. பிள்ளைகள் கட்டுரையை வாட்ஸ்அப்பில் அனுப்பி எடுக்கிறார்கள். காமராஜர் பற்றிய ஒன்றின் தலையில் "நிச்சயமாக! இதோ நீங்கள் கேட்ட கட்டுரை" என்ற வரி அப்படியே இருந்தது. அண்ணாச்சி என்னைப் பார்த்துக்கொண்டே அந்தப் பெண்ணிடம், "இந்த மொத வரிய எடுத்துரவா பாப்பா?" என்றார். நிஜமான உதவி என்று நினைத்துத்தான் கேட்டார். சாட்ஜிபிடி என்றால் என்ன என்று அவருக்கு நான் இன்னும் விளக்கிச் சொல்லவில்லை.

நான் நச்சரித்ததில் ஒன்று நடந்திருக்கிறது. வெட்டாத தெர்மாகோல், எட்டுப் பந்து, மூன்று பெயின்ட் டப்பா, ஒரு பிரஷ் எல்லாம் ஒரே கவரில் 120 ரூபாய்க்குத் தொங்கவிட்டிருக்கிறார். இப்போதெல்லாம் புதன்கிழமையே வகுப்பில் சொல்லிவிடுகிறேன். இதுவரை ஐந்து கவர் போயிருக்கிறதாம், அதில் ஒன்று நான் வாங்கினது. ஒன்பது கோள் மாடல் இன்னும் அலமாரியில்தான் இருக்கிறது. புளூட்டோவைப் பிடுங்கச் சொன்னால், "பெவிகால் போட்டு ஒட்டினது டீச்சர், வராது" என்கிறார்.

காலை எட்டரைக்குத் திறப்பார், மத்தியானம் இரண்டு முதல் மூன்றரை வரை ஷட்டர் இறங்கியிருக்கும். சில்லறை கொண்டு போங்கள்.