முத்திரையிட்ட இன்ஜினா, பிரித்துப் பார்க்கும் சோதனையா?

ஒரே வகைக் கார்கள் ஓடும் அமெச்சூர் பந்தயப் பிரிவில் செலவை ஏற்றிவிடுவதில் இன்ஜினுக்குப் பெரும் பங்கு உண்டு. அதை அடக்க இரண்டு வழிகள் கையாளப்படுகின்றன.

அமெரிக்காவில் 1984-இல் ஸ்போர்ட்ஸ் ரெனோ என்ற பெயரில் அறிமுகமான, பின்னர் ஸ்பெக் ரேசர் ஃபோர்டு என மாறிய பிரிவில் இன்ஜினுக்கு முத்திரையிடப்படுகிறது. உரிமையாளர் அதைத் திறக்க முடியாது. பழுதானால் அங்கீகாரம் பெற்றவரிடமே அனுப்ப வேண்டும். சொந்தக் கையால் வேலை செய்து பழகியவருக்கு இது எரிச்சலூட்டும் என்றாலும், பணத்தைக் கொட்டிக் கூடுதல் குதிரைத்திறன் வாங்கும் வழி பெருமளவு அடைபடுகிறது.

அமெரிக்காவில் மியாட்டா எனப்படும் மஸ்டா எம்எக்ஸ்-5 கார்கள் ஓடும் ஸ்பெக் மியாட்டா பிரிவிலோ இன்ஜினுக்கு முத்திரை இல்லை. விதிமீறல் உண்டா என்பதைப் பந்தயத்துக்குப் பின் பிரித்துப் பார்த்துத்தான் உறுதிசெய்ய வேண்டும். இன்ஜினின் மேல்மூடியான சிலிண்டர் ஹெட்டில், வால்வு வந்து பொருந்தும் வளையமான வால்வு இருக்கைக்குக் கீழே உலோகம் சற்றே வழவழப்பாகத் தெரிந்தால், அது தொழிற்சாலையின் கடைசலா, திறனைக் கூட்ட யாரோ அரம் வைத்த தடமா என்று டார்ச் அடித்துப் பார்த்தாலும் எளிதில் சொல்லிவிட முடியாது. அந்த ஐயத்துக்கு இடமிருக்கும் வரை, விதியின் விளிம்பு வரை நுட்பமாகக் கட்டிய விலையுயர்ந்த இன்ஜின்களுக்கும் தேவை இருக்கும்.

ஆயினும் பந்தய வரிசையை நிரப்பியது மியாட்டாதான். பழைய காரும் உதிரிபாகமும் எளிதில் கிடைத்ததே காரணம். புதிதாகப் பிரிவு தொடங்குவோருக்கு, எங்கும் கிடைக்கும் காரில் முத்திரையிட்ட இன்ஜினைப் பொருத்துவதையே நான் பரிந்துரைப்பேன்.