கண்ணாடிப் பெட்டி அடிக்க முழு ஃபைல் எதற்கு?

மாதிரி ரயில், மாதிரி வீடு, சின்னச் சின்னப் பொம்மை வண்டி என்று ஓர்டருக்குச் செய்து கொடுக்கிற ஆட்களுக்காக இதை எழுதுகிறேன். எல்ல என்கிற சுற்றுலா ஊர்ப் பக்கம் விடுதி நடத்தும் ஒருவர் வந்து, "தம்பி, நம்ம கோச்சியை அச்சு அசலாகச் சின்னதாகச் செய்து தரணும்" என்று கேட்பார். ரயிலைத்தான் இங்கே கோச்சி என்போம். நன்றாகப் பேசுவார். பாதி வேலையில், கண்ணாடிப் பெட்டி அடிக்க வேண்டும், கம்ப்யூட்டர் ஃபைலை அனுப்புங்கள் என்பார். அனுப்பாதீர்கள். நான் அனுப்பினேன்.

பெயர் போடவில்லை. வழக்கறிஞர் போடவேண்டாம் என்றார். நடந்ததைச் சொன்னாலே போதும், அவரிடம் ஏற்கெனவே மாட்டியவர்களுக்கு ஆள் யாரென்று புரியும்.

எனக்கு ஹட்டனில் ஃபோன் திருத்தும் கடை. அப்பா ரயில்வேயில் லைன் வேலை பார்த்தவர். சின்ன வயதில் அவருக்குச் சாப்பாடு கொண்டுபோகிற சாக்கில் தண்டவாளத்து ஓரமாகவே வளர்ந்தேன் என்று சொல்லலாம். கடையில் சால்டரிங் இரும்பு, பூதக்கண்ணாடி, இடுக்கி எல்லாம் கையோடு இருப்பதால், இரவில் கடையைச் சாத்திவிட்டு எஞ்சின் செய்ய ஆரம்பித்தேன். முதலில் எனக்காக. பிறகு தெரிந்தவர்கள் கேட்டதால் காசுக்கு.

அவர் கேட்டது கனடா எஞ்சின். எம்2 என்று ரயில்வேக்காரர்கள் சொல்வது. கொழும்புத் திட்டம் என்ற வெளிநாட்டு உதவித் திட்டத்தின் கீழ் 1954 முதல் கனடாவிலிருந்து வந்த டீசல் எஞ்சின்கள் அவை. அந்த நாட்டு மாகாணங்களின் பெயர்தான் அவற்றுக்கு வைத்தார்கள். 570ஆம் இலக்கம் 'அல்பர்ட்டா'. அந்த அல்பர்ட்டாவும் மூன்று பெட்டிகளும் தன் வரவேற்பறையில் ஓட வேண்டும் என்றார். வெளிநாட்டுக்காரர்கள் பார்த்தால் மயங்கிப் போவார்களாம்.

ஒரு விடயத்தைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும். இல்லையென்றால் என்ன திருட்டுப்போனது என்று விளங்காது.

நம் நாட்டு அகலப் பாதையில் இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே 5 அடி 6 அங்குலம், அதாவது 1676 மில்லிமீட்டர். நான் வேலை செய்கிற அளவு 76இல் ஒரு பங்கு. அந்தக் கணக்குக்குத் தண்டவாளம் 22 மில்லிமீட்டர் அகலம் இருக்க வேண்டும். ஆனால் இந்த அளவுக்கென்று கடையில் கிடைப்பது 16.5 மில்லிமீட்டர் தண்டவாளம்தான். அதில் நம் எஞ்சினை ஏற்றினால் யானை ஸ்டூலில் நிற்கிற மாதிரி இருக்கும். பலர் அப்படித்தான் செய்கிறார்கள், தப்பென்று சொல்லமாட்டேன். எனக்குத்தான் மனம் ஒப்பவில்லை. சில்லுகளின் அச்சை நானே நீட்டி, செப்புத் தகடு ஒட்டிய பலகையை, தண்டவாளத்துக்கு அடியில் குறுக்கே போடுகிற சிலிப்பர் கட்டை அளவுக்கு வெட்டி, ஒவ்வொரு கட்டையிலும் தண்டவாளத்தைச் சால்டர் பண்ணிப் பாதை போட்டேன்.

சில்லு விடயமும் இருக்கிறது. எம்2க்கு முன்னாலும் பின்னாலும் மும்மூன்று அச்சு. நடு அச்சுக்கு மோட்டார் இல்லை, அது பாரம் தாங்க மட்டும். கடையில் கிடைக்கும் இரண்டு அச்சு அடிப்பாகத்தின் மேல் எம்2 உடலை மாட்டிவிட்டால் தெரியாதவருக்கு வித்தியாசம் தெரியாது. அப்பா மாதிரி ஆள் ஒரு பார்வையில் "என்னடா இது, கால் ஊனமா?" என்று கேட்டுவிடுவார்.

இந்த அளவெல்லாம் எங்கே கிடைத்தது? என் கையில் ரயில்வே வரைபடம் ஒன்றும் இல்லை. ஹட்டன் மேடையில் எஞ்சின் நிற்கிற சில நிமிடத்தில் நேரெதிரே நின்று படம் எடுப்பேன். படத்தில் இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே 1676 மில்லிமீட்டர் என்று எனக்குத் தெரியும் அல்லவா, அதுதான் என் அடிமட்டம். அதை வைத்து முகப்பின் அகலம், விளக்கு இருக்கும் உயரம், மோதலைத் தாங்குகிற பஃபர்களின் இடைவெளி எல்லாம் கணக்கெடுப்பேன். பக்கவாட்டுக்கு வேறு படம், கூரைக்கு மேம்பாலத்திலிருந்து வேறு படம். மழை, மூடுபனி, குறுக்கே நிற்கிற ஆட்கள் எல்லாம் கழித்து, இப்படி இரண்டு வருடம் சேர்த்த அளவுகளைக் கம்ப்யூட்டரில் வரைந்து வைத்திருந்தேன். அந்த ஃபைலை 3டி பிரிண்டரில் போட்டால் எஞ்சின் உடல் அப்படியே அச்சாகி வரும். அவர் ஓர்டர் தருவதற்கு முன்னாலேயே அந்த ஃபைல் முக்கால்வாசி முடிந்திருந்தது.

சரி, கணக்குக்கு வருவோம். எஞ்சினும் மூன்று பெட்டிகளும் 2 இலட்சத்து 40 ஆயிரம் ரூபாய் என்று பேசினோம். முற்பணம் 40 ஆயிரம். மோட்டார், பற்சக்கரம், சில்லு, பித்தளைக் கம்பி, ரெசின், பெயின்ட் எல்லாம் சேர்ந்து 90 ஆயிரத்தைத் தாண்டியது. அதாவது முதல் நாளிலிருந்தே அவருடைய கோச்சிக்கு நான்தான் கடன் கொடுத்துக்கொண்டிருந்தேன். இது என் முட்டாள்தனம். மனைவி அன்றைக்கே சொன்னாள்.

வேலை தொடங்கிய பிறகு ஒவ்வொன்றாக வந்தது. முதலில் பழைய பழுப்புப் பெட்டி என்றார். ஒன்றுக்குப் பெயின்ட் முடிந்த பிறகு, "தம்பி, வெள்ளைக்காரனுக்கு நீலக் கோச்சிதான் தெரியும், 2012இல் வந்த சீனாக்காரன் கோச்சி மாதிரி நீலத்தில் போடுங்க" என்றார். அந்தக் கோச்சிக்கு எஞ்சின் அதோடேயே வருகிறது, கனடா எஞ்சின் பின்னால் அதைக் கட்டினால் தெரிந்தவன் சிரிப்பான் என்று சொன்னேன். கேட்கவில்லை. சுரண்டிவிட்டு நீலம் அடித்தேன்.

ஹட்டனில் பெயின்ட் அடிப்பது தனிக் கஷ்டம். மழை நாளில் லாக்கர் அடித்தால் ஈரம் ஏறி மேலே பால் படிந்த மாதிரி வெளுத்துவிடும். மட்டைப் பெட்டிக்குள் பழைய காலத்து 60 வாட் பல்பை எரியவிட்டு, அந்தச் சூட்டில் காயவைப்பேன். ஒரு ரயில் பெட்டிக்கு ஒரு வாரம் போகும். இதை அவரிடம் சொன்னபோது, "அவசரமில்லை தம்பி, நிதானமா செய்ங்க" என்றார். அவ்வளவு நல்ல மனிதராகத் தெரிந்தார்.

அப்புறம் பாலம். "கூடவே சும்மா ஒரு ஒன்பது வளைவுப் பாலமும் வைத்துவிடுங்களேன்." சும்மாவா! எல்லவில் இருக்கிற நிஜப் பாலம் 91 மீட்டர் நீளம், 24 மீட்டர் உயரம். என் அளவில் அது ஏறக்குறைய 1.2 மீட்டர் நீளமும் 32 சென்டிமீட்டர் உயரமும் வரும், அதுவும் வளைந்த பாலம். அதற்கு மட்டும் தனியாக ஒரு இலட்சம் கேட்க வேண்டிய வேலை. நல்லவேளையாக இதற்கு மட்டும் முடியாது என்று சொல்லியிருந்தேன்.

ஐந்தாவது மாதம்தான் கண்ணாடிப் பெட்டிக் கதை. கொழும்பில் பெட்டி அடிக்கிற வேலைக்காரர், ஃபைல் இருந்தால்தான் அளவு சரியாக வெட்டுவாராம். நீளம், அகலம், உயரம் என்று மூன்று இலக்கங்களை வட்ஸ்அப்பில் எழுதி அனுப்பினேன். "இல்லை தம்பி, அவர் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்துத்தான் செய்வார்." இரவு பதினொரு மணி, கண் எரிகிறது, நாளைக்குக் கடை. முழு ஃபோல்டரையும் அனுப்பிவிட்டுப் படுத்தேன். கண்ணாடி வெட்டுகிறவனுக்கு அச்சடிக்கிற ஃபைல் எதற்கு என்று அப்போது தோன்றவில்லை.

சாமானை வாங்க அவரே வேனில் வந்தார். வெள்ளிக்கிழமை, போயா, அதாவது பௌர்ணமி விடுமுறை. அடுத்து சனி, ஞாயிறு. மூன்று நாள் வங்கி கிடையாது. கடைசி நேரத்தில் காசுக்குப் பதிலாகச் செக் நீட்டினார். கடை வாசலில் எஞ்சினை ஓட்டிக் காட்டினேன், தெருப் பிள்ளைகள் எல்லாம் கூடிவிட்டார்கள், அவர் அப்பாவின் கையைப் பிடித்து, "ஐயா, உங்க மகன் பெரிய ஆளா வருவார்" என்றார். அந்த நேரத்தில் செக் வேண்டாம், காசு தாருங்கள் என்று எப்படிச் சொல்வது? திங்கட்கிழமை போட்டேன். செவ்வாய்க்கிழமை திரும்பி வந்தது, கணக்கில் பணம் இல்லை. ஃபோன் எடுத்து மன்னிப்புக் கேட்டு இன்னொரு செக் அனுப்பினார். அது கையொப்பம் வேறாக இருக்கிறது என்று திரும்பியது. மூன்றாவது செக் வரவில்லை. ஃபோனும் எடுப்பதில்லை.

இதுவரை சொன்னது காசுக் கதை. இனி வருவதுதான் என்னால் ஆறவே முடியாதது.

இரண்டு மாதம் கழித்து மைத்துனன் எல்லவுக்குப் போனவன், பாலத்துக்குப் போகிற வழியில் உள்ள கடையொன்றில் எடுத்ததென்று ஒரு படம் அனுப்பினான். "மச்சான், உன்னோட எஞ்சின் மாதிரியே இருக்கு." சின்ன ரெசின் எஞ்சின்கள், வரிசையாக, உள்ளங்கை அளவு. ஒன்றை வாங்கிவரச் சொன்னேன்.

என் ஃபைலில் ஒரு பிழை இருந்தது. ஓட்டுநர் கதவுக்குக் கீழே உள்ள ஏணிப்படியில், இடது பக்கம் மட்டும் கடைசிப் படி கொஞ்சம் சாய்ந்திருக்கும். வரையும்போது வந்த தவறு. அச்சடித்து எடுத்த பிறகுதான் கண்டேன். ஃபைலைத் திருத்தச் சோம்பல்பட்டு, அவருடைய எஞ்சினில் அந்தப் படியை வெட்டி எறிந்துவிட்டுப் பித்தளையில் நேராக ஒன்று செய்து ஒட்டினேன். அதனால் அவர் வரவேற்பறையில் இருக்கிற எஞ்சினில் படி நேராக இருக்கும். மைத்துனன் கொண்டுவந்த பொம்மையில் சாய்ந்திருந்தது. பூதக்கண்ணாடியில் திரும்பத் திரும்பப் பார்த்தேன். என் சோம்பேறித்தனத்தையும் சேர்த்தே விற்கிறார்கள்.

பொலிஸில் முறைப்பாடு எழுதிக் கொடுத்தேன். வழக்குக்கு முன்னால் சமரசம் பேசுகிற மத்தியஸ்த சபைக்குப் போனது. இரண்டு தவணையும் அவர் வரவில்லை. இணக்கம் ஏற்படவில்லை என்று சான்றிதழ் தந்தார்கள், அதை வைத்துத்தான் நீதிமன்றம் போக வேண்டும். வரைபடமும் ஒரு படைப்புதான், பதிவு செய்யாவிட்டாலும் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தில் பாதுகாப்பு உண்டு, ஆனால் முதலில் வரைந்தது நீதான் என்று காட்ட வேண்டும் என்றார் வழக்கறிஞர். காட்ட முடியும். திகதியோடு இரண்டு வருடப் படங்கள் இருக்கின்றன, ஃபைல் அனுப்பிய இரவின் வட்ஸ்அப் இருக்கிறது, சாய்ந்த படி இருக்கிறது. பொருள் வாங்கி ஏமாந்தவர்கள் நுகர்வோர் அதிகார சபையின் 1977 என்ற ஃபோன் இலக்கத்துக்கு அடிக்கலாம். விற்று ஏமாந்தவனுக்கு அப்படியொரு இலக்கம் இல்லை.

இப்போது ஓர்டர் எடுத்தால், சாமான் செலவு முழுவதும் முற்பணம். எந்த எஞ்சின், எந்த நிறம், எத்தனை பெட்டி என்று கடதாசியில் எழுதி இருவரும் கையொப்பம். நிறம் மாற்றினால் தனிக் காசு. மீதி வங்கிக் கணக்கில் விழுந்த பிறகுதான் சாமான் கடையை விட்டு இறங்கும். ஃபைல் யாருக்கும் கிடையாது, கூடப்பிறந்தவன் கேட்டாலும். இரண்டு பேர் இதைக் கேட்டுவிட்டுத் திரும்பிப் போனார்கள். போகட்டும்.

போன வாரம் தெரியாத இலக்கத்திலிருந்து ஃபோன் வந்தது. எடுத்தால் அவர். ஒன்றுமே நடக்காத மாதிரி, "தம்பி, சுகமா? கோச்சி ஓட மாட்டேங்குது. காலையில ரொம்ப இறுகிப் போகுது, மத்தியானம் கொஞ்சம் அசையுது. ஒருநாள் வந்து பார்த்துட்டுப் போங்களேன்" என்றார். என்ன எண்ணெய் போட்டீர்கள் என்று கேட்டேன். சமையலறையிலிருந்து எடுத்த தேங்காய் எண்ணெயாம். எல்லக் குளிரில் இரவானால் அது பற்சக்கரத்துக்குள் மெழுகு மாதிரி உறைந்துவிடும். கழற்றிக் கழுவிவிட்டால் ஒரு மணி நேர வேலை.

இரண்டு இலட்சத்தையும் கணக்கில் போட்டுவிட்டுக் கூப்பிடுங்கள் என்று சொல்லி வைத்துவிட்டேன்.