550 வாட் ஸ்டிக்கரை நம்பி பவர் சப்ளை வாங்காதீர்கள்

கணினியைப் பாகங்களாக வாங்கி வீட்டிலேயே பூட்ட நினைப்பவர்கள் பணம் கட்டுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள்.

கோலாலம்பூரில் ஒரு கடை. ரைசன் 5 5600 செயலி, ஆர்டிஎக்ஸ் 4060 கிராஃபிக்ஸ் கார்டு, 16 ஜிபி ரேம் அடங்கிய 'கேமிங் பேக்கேஜ்', 3,000 மலேசிய வெள்ளிக்குச் (ரிங்கிட்) சற்று மேல். பாகங்களுக்கு மின்சாரம் தரும் பவர் சப்ளை (பிஎஸ்யு) என்று விலைப் பட்டியலில் இருந்தது பேர்போன நிறுவனத்தின் 550 வாட் பெட்டி, '80 பிளஸ் புரோன்ஸ்' மின்திறன் தரச்சான்று பெற்றது. பையில் போட்டுக் கொடுத்தது யாரும் கேள்விப்படாத பெயரில் ஒரு தகரப் பெட்டி. "அந்த மாடல் ஸ்டாக் முடிஞ்சிருச்சு பாஸ், இதுவும் 550தான்" என்று கவுண்டரில் ஒரு வார்த்தை, அவ்வளவுதான். ரசீதில் 'பிஎஸ்யு 550 வாட்' என்பதற்கு மேல் ஓர் எழுத்துகூட இல்லை.

பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டியிருந்த அட்டவணையே ஏமாற்றைக் காட்டிக்கொடுத்தது. மேலே கொட்டை எழுத்தில் 550. கீழே 12 வோல்ட் கட்டத்தில் 18 ஆம்பியர். பெருக்கிப் பாருங்கள்: 216 வாட். செயலிக்கும் கிராஃபிக்ஸ் கார்டுக்கும் வேண்டிய மின்சாரம் ஏறக்குறைய முழுதும் 12 வோல்ட்டில்தான் போகிறது. 5 வோல்ட், 3.3 வோல்ட் கட்டங்களையும் சேர்த்துக் கூட்டினாலும் 550 வரவில்லை.

இந்தச் செயலி முழு வேகத்தில் 76 வாட் வரை இழுக்கும். கார்டுக்கு 115. மதர்போர்டு, எஸ்எஸ்டி, விசிறிகளுக்கு ஒரு 40 வைத்தால் 230ஐத் தாண்டிவிடுகிறது. டெஸ்க்டாப் திரை வரும், யூடியூப் ஓடும், எல்லாம் சரியாகத்தான் தெரியும். கேம் தொடங்கிப் பத்து நிமிடத்தில் பட்டென்று அணைந்துவிடும். கார்டு கெட்டுவிட்டது என்று அலைவார்கள். அணைந்தால்கூடப் பரவாயில்லை. மலிவுப் பெட்டிகள் பலவற்றில் மிகைமின்னோட்டத் தடுப்பு ஒழுங்காக இருக்காது. சாகும்போது மதர்போர்டையும் கார்டையும் சேர்த்துக் கொண்டுபோகும். உண்மையான 550 வாட் பெட்டியில் 12 வோல்ட் கட்டத்தில் 40 ஆம்பியருக்கு மேல் எழுதியிருக்க வேண்டும்.

இதைவிட மோசமானது பின்பக்கம் இருந்த, உள்வரும் மின்னழுத்தத்தைத் தேர்ந்தெடுக்கும் சிவப்பு சுவிட்ச். அது 115இல் நின்றது. நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். 115இல் வைத்தால் உள்ளே இருக்கும் சுற்று வரும் மின்னழுத்தத்தை இரட்டிப்பாக்கும். 200 வோல்ட்டுக்குச் செய்த இரண்டு மின்தேக்கிகளிலும் தலைக்கு உச்சமாக 325 வோல்ட் ஏறும். மின்சாரத்தைப் போட்ட நொடியே வெடிச்சத்தமும் புகையும்தான். இப்போது வரும் தரமான பெட்டிகளில் இந்த சுவிட்சே கிடையாது, 100 முதல் 240 வரை தானாக ஏற்றுக்கொள்ளும். சிவப்பு சுவிட்ச் கண்ணில் பட்டாலே அந்தப் பெட்டி வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

கேபிளிலும் கோளாறு. கார்டுக்கு 8 பின் மின் இணைப்பு தேவை. பெட்டியில் அது இல்லாததால் பழைய 4 பின் மோலெக்ஸிலிருந்து மாற்றும் ஒட்டு வயர் ஒன்றைப் பையில் போட்டிருந்தார்கள். அந்த மெல்லிய வயரும் பின்னும் சுமை ஏறினால் சூடாகி உருகும். 'வேறு பெட்டியின் கேபிள் இருக்கிறது, போட்டுக்கொள்ளுங்கள்' என்று சொன்னாலும் கேட்காதீர்கள். மாடுலர் கேபிளின் (கழற்றி மாட்டும் கேபிளின்) பெட்டிப் பக்க முனைக்கு எல்லாருக்கும் பொதுவான அமைப்பு கிடையாது. செருகினால் பொருந்தும், 5 வோல்ட் வரவேண்டிய கம்பியில் 12 வோல்ட் வந்து எஸ்எஸ்டி போய்விடும்.

ஆகவே கடையை விட்டு வெளியேறும் முன்னே, கவுண்டரிலேயே பாகங்கள் வந்த அட்டைப் பெட்டிகளைப் பிரியுங்கள். லோ யாட் பிளாசாவில் மாடிக்கு மாடி கணினிக் கடைதான். சொன்ன மாடல் இல்லையென்றால் பக்கத்துக் கடையில் கேட்கலாம், அவசரமே இல்லை. ரசீதில் ஒவ்வொரு பாகத்துக்கும் நிறுவனம், மாடல், சீரியல் எண் மூன்றையும் எழுதச் சொல்லுங்கள். செயலியின் அடியில் உள்ள பின்களைச் சாய்த்துப் பாருங்கள், வரிசை கோணக்கூடாது. இரண்டு 8 ஜிபி ரேம் என்று பேசிவிட்டு ஒரே 16 ஜிபி துண்டைக் கொடுப்பதும் நடக்கிறது; வேகம் குறையும்.

மின்கம்பியையும் விடாதீர்கள். மூன்று பின் பிளக்கில் சிரிம் (மலேசியத் தரச்சான்று நிறுவனம்) முத்திரை இருக்கிறதா, பியூஸ் மூடி இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு பின் கம்பியை அடாப்டரில் செருகினால் எர்த் கிடையாது, கணினிக் கேஸின் (வெளிக்கூட்டின்) தகரத்தைத் தொட்டால் சுருக்கென்று இழுக்கும். வீட்டு டிபி பெட்டியில் (மின் விநியோகப் பெட்டி), மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபியின் டெஸ்ட் பட்டனை ஒருமுறை அழுத்தி, விழுகிறதா என்று பார்த்த பிறகு வேலையைத் தொடங்குங்கள்.

பூட்டும்போது முதலில் கேஸுக்குள் போகாதீர்கள். மதர்போர்டு வந்த அட்டைப் பெட்டிமேல் போர்டை வைத்து, செயலி, கூலர், ஒரு ரேம், கார்டு மட்டும் செருகி, கணினி இயங்கியதும் முதலில் வரும் பயாஸ் திரை வருகிறதா என்று பாருங்கள். 5600இல் உள்கிராஃபிக்ஸ் இல்லை. மானிட்டர் கேபிள் கார்டில்தான் போக வேண்டும். போர்டில் செருகிவிட்டுத் திரை கறுப்பு என்று பதறுபவர்கள் நிறைய. செயலிக்கான 4+4 பின்னையும் கார்டுக்கான 6+2 பின்னையும் மாற்றி அழுத்தவே அழுத்தாதீர்கள், துருவம் தலைகீழ். பவர் சப்ளையை எக்காரணம் கொண்டும் திறக்கக் கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கலாம்.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் பெட்டியை மின்சாரத்தில் செருகாமல் வையுங்கள். அட்டவணை, சிவப்பு சுவிட்ச், ரசீது, விலைப் பட்டியல் நான்கையும் படம் எடுங்கள். 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்ற பலகை இங்கே செல்லாது; சொன்ன விவரத்துக்குப் பொருள் ஒத்திருக்க வேண்டும் என்பது 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் தரும் உரிமை. கடைக்காரர் மாற்றித் தராவிட்டால் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 5 வெள்ளி கட்டிப் புகார் பதியலாம். வரம்பு 50,000 வெள்ளி, மூன்று ஆண்டுக்குள் பதிய வேண்டும், வழக்கறிஞர் வைக்க வேண்டியதில்லை. இந்த பேக்கேஜை வாங்கியவரிடம் விலைப் பட்டியலின் வாட்ஸ்அப் படம் இன்னும் இருக்கிறது. ரசீதில் எழுதாமல் விட்ட மாடல் பெயர் அதில் தெளிவாக இருக்கிறது.