47-ஆ, 46-ஆ: ஓபோ சீவாளி கட்டியவன் கணக்கு

பேண்டில் ஓபோ (நாதஸ்வரம் போலச் சீவாளி வைத்து ஊதும் மேல்நாட்டுக் குழல்) வாசித்து ஓய்வுபெற்று, இப்போது பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறையில் இருக்கிறேன். சீவாளி நானே கட்டுவதுதான். போன டிசம்பரில் இரண்டு விதமான ஸ்டேப்பிளில், அதாவது சீவாளியின் அடியில் வரும் உலோகக் குழாயில், கட்டிப் பார்த்தேன். ஒன்று 47 மி.மீ. நீளம், மேல்வாய் தட்டையான முட்டை வடிவம். மற்றது 46, மேல்வாய் கொஞ்சம் உருண்டை. நாதஸ்வரக்காரர்கள் கெண்டை என்பார்களே, அதே வேலைதான்.

சுருதியில் பெரிய சண்டை இல்லை. குழாய் குட்டையானால் சுருதி லேசாக ஏறும். எங்கள் கோயில் கீபோர்டின் சுருதி 440 ஹெர்ட்ஸ், அதற்கு 47 போதும். 442-ல் வாசிக்கும் குழுவென்றால் 46-ஐ யோசிக்கலாம்.

47 என்று என்னை முடிவு பண்ண வைத்தது ஓரம்தான். நூல் சுற்றிக்கொண்டு மேலே போகும்போது, குழாயின் வாய்க்கு இரண்டு சுற்று முன்பே கேனின் (குழாயில் வைத்துக் கட்டும் நாணல் பட்டை) இரண்டு ஓரமும் ஒட்டிவிட வேண்டும். நூல் வாயைத் தாண்டக்கூடாது, தாண்டினால் கேனின் குரல்வளையைப் பிடித்த மாதிரி. 47-ல் குழாயும் கேனும் சேர்ந்து மொத்த நீளம் 72 மி.மீ. வருமாறு கேனை வைத்தேன், ஓரம் சொன்னபடி மூடியது. அதே அச்சில் வெட்டிய கேனை 46-ல் வைத்தால் கடைசிச் சுற்றிலும் மயிரிழை இடைவெளி. கேனை ஒரு மில்லிமீட்டர் கீழே இறக்கினேன். அகலமான இடம் வாய்க்கு வந்தது, ஓரம் மூடியது, ஆனால் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டது.

சாதாரண நாளில் அந்த இடைவெளியை மன்னிக்கலாம். பாலக்காட்டுக் கணவாயின் வறண்ட காற்று அடிக்கும் மாதங்களில் முடியாது. நனைத்த சீவாளியின் அடியை விரலால் அடைத்து ஊதினேன், 46-ன் ஓரத்தில் எச்சில் குமிழ் குமிழாக வந்தது. பக்கத்து வீட்டு நாதஸ்வர அண்ணன் எட்டிப் பார்த்தார்.

"என்ன தம்பி, சீமைச் சீவாளிக்கும் இந்தக் காத்து ஆகாதா?"

"ஆகாதுங்கண்ணா."

மெல்லிய டெஃப்லான் டேப் சுற்றினால் ஒழுகல் நிற்கும்தான். ஆனால் ஒவ்வொரு சீவாளிக்கும் கட்டுப்போட்டுக்கொண்டு திரிய எனக்குப் பொறுமை இல்லை.

46-ல் நான் கட்டியது ஏழெட்டுதான். இன்னும் அகலமாக வெட்டும் அச்சு இருந்தால் அதுவும் சரியாக உட்காரலாம். என்னிடம் இருப்பது ஒரே அச்சு.

இன்னொன்று: கேன் சில வாரத்தில் செத்துவிடும், குழாயைச் சுரண்டித் துடைத்து மறுபடி கட்டலாம். அப்போது மாண்ட்ரெல் (கட்டும்போது குழாய்க்குள் செருகிப் பிடிக்கும் கம்பி) அந்தந்த வாய்க்குப் பொருந்த வேண்டும். 47-க்கு வாங்கியதை 46-க்குள் அழுத்திச் செருகி, ஒரு குழாயின் வாயைக் கோணலாக்கி வைத்திருக்கிறேன்.