பெயரில்லாத பழைய பாய்ப்படகு, பார்த்தால் சன்ஃபிஷ்: வாங்கலாமா?

அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் ஒரு வீட்டுப் பின்புறத்தில் கிடந்த ஃபைபர் கிளாஸ் படகை வாங்கினேன். ஸ்டிக்கர் இல்லை, காகிதம் இல்லை, விற்றவருக்கே என்ன படகு என்று தெரியவில்லை. கட்டியிருக்கும் விதத்தை வைத்துத்தான் சன்ஃபிஷ் என்ற சிறிய பாய்ப்படகு மாடல் என்று உறுதி செய்தேன்: 13 அடி 9 அங்குல நீளம், தட்டையான மேல்தளம், கால் வைக்க மட்டும் ஒரு சின்னக் குழி, அப்புறம் மேல் ஓடும் கீழ் ஓடும் சேரும் விளிம்பு முழுக்க ரிவெட் அடித்த அலுமினியப் பட்டை. பாய் இரண்டு கழிகளுக்கு நடுவே விரியும் முக்கோணம், 75 சதுர அடி. இதேபோல் நகல் படகுகளும் உண்டு, அதனால் ஒரே அடையாளத்தை நம்பாதீர்கள்.

வயது தெரிய சுக்கானைப் பாருங்கள். 1970-களின் தொடக்கம் வரை வெண்கலத் தகட்டில் மாட்டியிருக்கும், பிறகு ஸ்பிரிங் வகை. 1972 நவம்பருக்குப் பின் அமெரிக்காவில் கட்டியதென்றால் பின்பலகையின் வலப்பக்கம் 12 எழுத்தில் அடையாள எண் இருக்க வேண்டும். என் படகில் எண்ணும் இல்லை, சுக்கானும் பழைய வகை, அதனால் அதற்கு முந்தையது என்றே நினைக்கிறேன்.

வாங்குமுன் கட்டாயம் தூக்கிப் பாருங்கள். வெறும் ஓடு சுமார் 59 கிலோதான், ஆனால் உள்ளே படகை மிதக்க வைக்க இருக்கும் ஃபோம் தண்ணீர் குடித்திருந்தால் இரண்டு பேர் சேர்ந்தும் திணறுவீர்கள். மேல்தளத்தில் கழற்றி மாட்டும் மூடியோடு வட்டத் துளை போட்டு, மின்விசிறி காற்றை உள்ளே விட்டுத்தான் உலர்த்த வேண்டும், அதற்கு மாதக்கணக்கில் ஆகும். மற்றபடி அருமையான படகு, உதிரிபாகமும் எளிதாகக் கிடைக்கிறது, தைரியமாக வாங்கலாம்.