எஸ்எஸ்டி போடக் கொடுத்த லேப்டாப்பில் ரேம் குறைந்தது, டிஸ்க் காணாமல் போனது: கொடுப்பதற்கு முன் படிக்கவும்

2014 வாக்கில் வந்த நான்காம் தலைமுறை ஐ5 லேப்டாப். 4 ஜிபி வீதம் இரண்டு ரேம், 1 டிபி ஹார்ட் டிஸ்க். மெதுவாக இருக்கிறது என்று எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாமல் சிப்பிலேயே சேமிக்கும் டிரைவ்) போடக் கொடுத்திருக்கிறார் அதன் சொந்தக்காரர். கடையில் பேசியது: புது 500 ஜிபி பிராண்டட் டிரைவ், ஒரிஜினல் விண்டோஸ், பழைய ஃபைல்கள் ஒன்றுகூடப் போகாது. திரும்பி வந்தது: வேறு எதிலோ இரண்டு வருஷத்துக்கு மேல் ஓடித் தேய்ந்த 480 ஜிபி டிரைவ், கள்ள ஆக்டிவேஷன் போட்ட விண்டோஸ், ஒரே ஒரு 4 ஜிபி ரேம். பழைய ஹார்ட் டிஸ்க் எங்கே என்றால், "அது போயிடுச்சு சார், தூக்கிப் போட்டுட்டோம்."

வாரக்கணக்கில் அவருக்குச் சந்தேகமே வரவில்லை. லேப்டாப் முன்பைவிடப் பறந்தது, அவ்வளவுதான் காரணம். நிமிஷத்துக்கு 5400 சுற்று சுற்றும் ஹார்ட் டிஸ்க், தேடிய இடத்துக்குப் போய்ச் சேரவே பத்துப் பதினைந்து மில்லிசெகண்ட் எடுக்கும். எவ்வளவு மட்டமான எஸ்எஸ்டியும் அதே வேலையை ஒரு மில்லிசெகண்டுக்குள் முடித்துவிடும். அதனால் எதை மாட்டிக் கொடுத்தாலும் வாடிக்கையாளர் சந்தோஷமாகத்தான் போவார். லேப்டாப் ரிப்பேரில் ஏமாற்றுவதற்கு இவ்வளவு வசதியான வேலை வேறு இல்லை. வேகத்தை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். எண்களைப் பாருங்கள், அதுவும் கடையில் நிற்கும்போதே.

முதலில் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ, டிரைவின் நிலையைக் காட்டும் சாஃப்ட்வேர். இலவசம், இன்ஸ்டால் செய்யத் தேவையில்லாத ஜிப் வடிவமும் இருக்கிறது, பென் டிரைவில் போட்டுக் கையோடு கொண்டு போகலாம். திறந்ததும் வலது மேல் மூலையில் பவர் ஆன் கவுன்ட், பவர் ஆன் ஹவர்ஸ், டோட்டல் ஹோஸ்ட் ரைட்ஸ் (இதுவரை எழுதப்பட்ட மொத்த அளவு) என்ற வரிகள் தெரியும். புது டிரைவ் என்றால் மணி நேரம் ஒற்றை இலக்கத்தில், மிஞ்சிப்போனால் பத்துப் பதினைந்துக்குள் இருக்க வேண்டும். எத்தனை முறை ஆன் ஆனது என்ற எண்ணும் அப்படியே. ஹோஸ்ட் ரைட்ஸை மட்டும் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். பழைய டிஸ்க்கிலிருந்து 200 ஜிபி குளோன் செய்திருந்தால் (அப்படியே நகலெடுத்திருந்தால்), இதில் 200 ஜிபிக்கு மேல் காட்டுவது நியாயம்தான். அதை வைத்து மட்டும் சண்டைக்குப் போக வேண்டாம்.

இந்த லேப்டாப்பில் இருந்த டிரைவ் 19,000 மணி நேரத்தைத் தாண்டியிருந்தது. ஒரு வருஷம் முழுக்க நிறுத்தாமல் ஓடினாலே 8,760 மணிதான். கேட்டதற்கு வந்த பதில்: "ஃபேக்டரி டெஸ்டிங் சார், சாஃப்ட்வேர் அப்படித்தான் காட்டும்." எந்த ஃபேக்டரியும் ஒரு டிரைவை இரண்டு வருஷம் ஓட்டிப் பார்த்துவிட்டு விற்பதில்லை. ஆனால் ஒரு விஷயம், கீழே பட்டியலில் வரும் ரா வேல்யூ எண்கள் பதினாறின் அடிமானத்தில் இருக்கும். அங்கே 10 என்று இருந்தால் அது உண்மையில் 16. மெனுவில் தசமத்துக்கு மாற்றிவிட்டுப் பேசுங்கள், இல்லாவிட்டால் கடைக்காரர் உங்களையே மடக்கிவிடுவார்.

இந்தக் கணக்கைப் பூஜ்யத்துக்குத் திருப்பி வைக்கும் கருவிகளும் உண்டு. மணி நேரம் 0 என்று இருப்பதாலேயே டிரைவ் புதிது ஆகிவிடாது. சோதிக்க எளிய வழி: ஹோஸ்ட் ரைட்ஸ் எவ்வளவு என்று குறித்துக்கொண்டு, 20 ஜிபி அளவுக்கு ஏதாவது ஃபைலைக் காப்பி செய்துவிட்டு மறுபடி பாருங்கள். கிட்டத்தட்ட அவ்வளவு ஏற வேண்டும். அசையவே இல்லை என்றால் அந்த டிரைவ் தன்னைப் பற்றிச் சொல்லும் எதையும் நம்ப முடியாது. சில மாடல்களில் இந்த வரியே இருக்காது. அப்போது சீரியல் எண்தான் கதி. சாஃப்ட்வேர் காட்டும் சீரியலும் டிரைவ் மேல் ஒட்டியிருக்கும் லேபிளில் உள்ள சீரியலும் ஓரெழுத்து மாறாமல் ஒன்றாக இருக்க வேண்டும். பிறகு அதைத் தயாரிப்பாளரின் வாரன்டி பக்கத்தில் போட்டுப் பாருங்கள். இந்த லேப்டாப்பில் லேபிள் ஒன்று சொன்னது, உள்ளே இருந்த சிப் வேறொன்று சொன்னது. அதாவது பழைய டிரைவுக்குப் புது ஸ்டிக்கர்.

அடுத்தது கொள்ளளவு. இதில் ஏமாறுபவர்களைவிட வீணாகப் பயப்படுபவர்கள்தான் அதிகம். டிரைவ் தயாரிப்பவர் ஆயிரத்தின் மடங்கில் கணக்குப் போடுகிறார், விண்டோஸ் 1024-ன் மடங்கில் போடுகிறது. ஆகவே 500 ஜிபி டிரைவ் 465 என்றும், 480 என்பது 447 என்றும், 512 என்பது 476 என்றும், 1 டிபி என்பது 931 என்றும் காட்டும். அதில் திருட்டு எதுவும் இல்லை. ஆனால் 500 என்று பில் போட்டுவிட்டு 447 காட்டினால் கொடுத்தது 480. டிஸ்க் மேனேஜ்மென்டைத் திறந்து ஒரு நிமிஷம் பார்த்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

இதைவிட மோசமானது பொய்க் கொள்ளளவு. உள்ளே இருப்பது 64 ஜிபி, வெளியே காட்டுவது 1 டிபி. ஆரம்பத்தில் எல்லாம் ஒழுங்காக நடக்கும். உண்மையான அளவு நிரம்பிய பிறகு எழுதுவதெல்லாம் காற்றில் போகும், அல்லது பழைய ஃபைல்கள் மேலேயே விழும். யூஎஸ்பி டிரைவ்களில் இது சகஜம். பெயர் தெரியாத பிராண்டு, நம்ப முடியாத மலிவு என்றால் லேப்டாப்புக்குள் போடும் டிரைவையும் சந்தேகிக்கலாம். விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸில் எஃப்3 என்ற கருவிகள் டிரைவை முழுக்க நிரப்பி, எழுதியதைத் திரும்பப் படித்துச் சரிபார்க்கும். டேட்டா எதையும் வைப்பதற்கு முன்பே இதைச் செய்துவிடுங்கள். டிரைவ் தேய்ந்துவிடும் என்று பயப்பட வேண்டாம்: சாம்சங் 870 ஈவோவின் 500 ஜிபி மாடலுக்கு வாரன்டியில் சொல்லியிருக்கும் எழுதும் வரம்பு 300 டிபி. ஒரு முறை முழுக்க நிரப்புவது அதில் அரை டிபிதான்.

மெதுவான டிரைவ் எல்லாமே போலி என்றும் சொல்ல முடியாது. டிரேம் (டிரைவுக்குள்ளேயே இருக்கும் சிறு தற்காலிக நினைவகம்) இல்லாத, கியூஎல்சி (ஒரு செல்லில் நான்கு பிட் அடைக்கும்) வகை மலிவு டிரைவ்களில் முதல் சில ஜிபி விநாடிக்கு 450 எம்பி வேகத்தில் ஓடும். வேகமாக எழுத ஒதுக்கிய கேஷ் பகுதி நிரம்பியதும் 100-க்குக் கீழே, சில சமயம் பழைய ஹார்ட் டிஸ்க்கைவிடக் கீழே இறங்கும். 40–50 ஜிபி ஃபைல் ஒன்றைக் காப்பி செய்தால் கண்ணாலேயே பார்க்கலாம். டிரேம் இல்லாத என்விஎம்இ (புதிய, அதிவேக இணைப்பு வகை) டிரைவ்கள் லேப்டாப்பின் ரேமில் கொஞ்சம் கடன் வாங்கிச் சமாளிக்கும். பழைய இணைப்பு வகையான சாட்டாவில் அந்த வசதி கிடையாது. பிரவுசிங், ஆபீஸ் வேலைக்கு டிரேம் இல்லாத டிஎல்சி (செல்லுக்கு மூன்று பிட்) டிரைவே போதும். தப்பு எங்கே என்றால், அதை மாட்டிவிட்டு உயர்ந்த மாடலுக்குக் காசு வாங்குவதில். பில்லில் "500 ஜிபி எஸ்எஸ்டி" என்று மொட்டையாக எழுத விடாதீர்கள். முழு மாடல் எண்ணும் சீரியலும் இருக்க வேண்டும்.

சாட்டா வேகத்தையும் அதே கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவில் டிரான்ஸ்ஃபர் மோட் என்ற இடத்தில் பார்க்கலாம். அங்கே இரண்டு எண்கள் இருக்கும்: முதலாவது இப்போது ஓடும் வேகம், அடுத்தது டிரைவால் முடிந்த வேகம். இரண்டும் 600 என்றால் நல்லது. 300 | 600 என்று காட்டினால் டிரைவ் தயார், ஆனால் போர்ட் பாதி வேகத்தில்தான் ஓடுகிறது என்று அர்த்தம். 2011-க்கு முந்தைய இன்டெல் லேப்டாப்புகளில் இது இயல்பு, ஒன்றும் செய்ய முடியாது. விநாடிக்குச் சுமார் 270 எம்பிக்கு மேல் போகாது. புது மாடலில் இப்படி வந்தால், டிவிடி டிரைவ் இடத்தில் கேடி (டிஸ்க்கைப் பொருத்தும் சட்டம்) வைத்து எஸ்எஸ்டியை அங்கே சொருகியிருக்கிறார்களா என்று பாருங்கள். எஸ்எஸ்டி ஹார்ட் டிஸ்க் இருந்த இடத்தில்தான் உட்கார வேண்டும். சி7 என்ற வரியில் சிஆர்சி பிழைகள் (டேட்டா கேபிளில் போகும்போது கெடுவது) நாளுக்கு நாள் ஏறினால் டிரைவைக் குறை சொல்லாதீர்கள், கழற்றும்போது ரிப்பன் கேபிளை மடித்திருப்பார்கள்.

எம்.2 (பட்டை வடிவ எஸ்எஸ்டி) என்று சொல்லி விற்பவர்களிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: என் மெஷினில் இருப்பது சாட்டா ஸ்லாட்டா, என்விஎம்இ ஸ்லாட்டா? சாட்டா மட்டும் ஓடும் ஸ்லாட்டில் என்விஎம்இ டிரைவ் சில சமயம் அழகாகப் பொருந்தும். ஆனால் பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே ஓடும் அடிப்படை செட்டிங் திரையில்) தெரியவே தெரியாது. வைஃபை கார்டு இருக்கும் சின்ன ஸ்லாட் இதற்கானதே அல்ல.

இனி ரேம். ரேமும் டிஸ்க்கும் பெரும்பாலான பழைய மாடல்களில் ஒரே மூடிக்கு அடியில்தான் இருக்கும், கழற்றப் பத்து விநாடி ஆகாது. எஸ்எஸ்டி போட்ட பிறகு ரேம் குறைந்தது கைக்கு உறைக்கவும் உறைக்காது. இடம் போதாமல் விண்டோஸ் ரேமில் இருப்பதை டிஸ்க்கில் உள்ள பேஜ் ஃபைலுக்குத் தள்ளும்போது, ஹார்ட் டிஸ்க்காக இருந்தால் மெஷின் அப்படியே உறைந்து நிற்கும். எஸ்எஸ்டியில் லேசான தடுமாற்றத்தோடு முடிந்துவிடும். கொடுப்பதற்கு முன் டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தை (மொத்த அளவு, எத்தனை ஸ்லாட் நிரம்பியிருக்கிறது) படம் எடுத்து வையுங்கள். சிபியு-இசட் கருவியில் எஸ்பிடி பக்கத்தில் ஒவ்வொரு ரேமின் பிராண்டு, பார்ட் எண், பல சமயம் சீரியல்கூட இருக்கும். ஒவ்வொரு ஸ்லாட்டாக மாற்றிப் படம் எடுங்கள். அந்தப் படத்தைக் கொடுக்கும்போதே கடைக்காரர் கண் முன்னால் எடுத்தால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும்.

விண்டோஸ் விஷயத்தில் நடப்பது பகல் கொள்ளை. முன்பே விண்டோஸ் 10 முறையாக ஆக்டிவேட் ஆகியிருந்த லேப்டாப்பில் லைசென்ஸ் மதர்போர்டோடு சேர்த்துப் பதிவாகியிருக்கும். டிரைவ் மாற்றியதால் அது போகாது. மைக்ரோசாஃப்ட் தரும் மீடியா கிரியேஷன் டூலில் 8 ஜிபி பென் டிரைவ் ஒன்று தயாரித்து, கீ கேட்கும் இடத்தில் "இல்லை" என்று தாண்டி, முன்பிருந்த அதே எடிஷனை (ஹோம் என்றால் ஹோம்) போட்டால், இன்டர்நெட் கிடைத்ததும் தானாக ஆக்டிவேட் ஆகும். "புது டிரைவுக்குப் புது லைசென்ஸ்" என்று தனியாகக் காசு கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை. ஆக்டிவேஷன் பக்கத்தில் உங்கள் நிறுவனத்தின் ஆக்டிவேஷன் சர்வீஸ் மூலம் என்ற பொருளில் வரி வந்தால், வீட்டு லேப்டாப்பில் அது கள்ள ஆக்டிவேட்டரின் அடையாளம். கூடவே விண்டோஸ் செக்யூரிட்டியில் எக்ஸ்க்ளூஷன் பட்டியலை (வைரஸ் சோதனையிலிருந்து விலக்கி வைத்தவை) திறந்து பாருங்கள். நீங்கள் சேர்க்காத ஃபோல்டர் அங்கே இருந்தால் ஒவ்வொன்றாகத் துடைக்க உட்காராமல் எல்லாவற்றையும் அழித்துவிட்டுச் சுத்தமாகப் போடுவதே மேல். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. நான்காம் தலைமுறை சிப் விண்டோஸ் 11-ன் பட்டியலில் இல்லை. தடையைத் தாண்டி 11 போட்டுக் கொடுப்பவர் அதைச் சொல்லிவிட்டுத்தான் போட வேண்டும்.

பழைய டிஸ்க் விஷயத்தில் கடைக்காரரின் வாயே அவரைக் காட்டிக்கொடுத்தது. டிஸ்க் "போய்விட்டது" என்றால், ஃபைல்கள் எல்லாம் அப்படியே எஸ்எஸ்டிக்கு வந்தது எப்படி? செத்த டிஸ்க்கைக் குளோன் செய்ய முடியாது. இதைக் கேட்ட மறுநாள் டிஸ்க் "கிடைத்துவிட்டது". குயிக் ஃபார்மேட் செய்யப்பட்டிருந்தது, அதாவது விற்பதற்குத் தயாராக. டிரைவையும் சீரியல் பொருந்தாததைக் காட்டியதும் மாற்றிக் கொடுத்தார்கள். ரேம் மட்டும் வரவே இல்லை. "நீங்க கொண்டு வரும்போதே ஒண்ணுதான் இருந்துச்சு" என்பதை மறுக்கக் கையில் ஒரு படமும் இல்லை.

கொடுக்கும்போதே ரசீதில் "பழைய டிஸ்க் எந்த நிலையில் இருந்தாலும் திருப்பித் தர வேண்டும்" என்று எழுதி வாங்குங்கள். லாகின் பாஸ்வேர்டைக் கேட்டால் கொடுக்க வேண்டாம். டிரைவ் மாற்றவும் குளோன் செய்யவும் அது தேவையே இல்லை. பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி) ஆனில் இருந்தால் ரெகவரி கீயை எழுதி வைத்துக்கொண்டு, வீட்டிலேயே டிகிரிப்ட் செய்துவிட்டுக் கொடுங்கள்.

டிஸ்க் சில நாள் கை மாறிப் போயிருந்தால், திரும்பி வந்தாலும் அதில் இருந்ததெல்லாம் வெளியே போனதாகவே எடுத்துக்கொள்ளுங்கள். குயிக் ஃபார்மேட் செய்த ஹார்ட் டிஸ்க்கிலிருந்து ஃபைல்களை மீட்பது சிரமமான வேலை இல்லை. கடைக்காரருக்கு லாகின் பாஸ்வேர்டும் தெரியும் என்றால் பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளும் அவர் கைக்கு எட்டும். முதலில் மெயில் பாஸ்வேர்டை மாற்றுங்கள், மற்ற கணக்குகளின் ரீசெட் லிங்க் எல்லாம் அங்கேதான் வருகிறது. பிறகு எல்லாச் சாதனங்களிலிருந்தும் சைன் அவுட், அடுத்து வங்கி. மெயில் செட்டிங்கில் ஃபார்வர்டிங்கும் ரெகவரி எண்ணும் உங்களுடையதாகவே இருக்கிறதா என்று பாருங்கள். டிஸ்க்கில் அடையாள அட்டை ஸ்கேன், டூ ஸ்டெப் பேக்கப் கோடு எதுவும் வைத்திருந்தால், அந்தக் கோடுகளை அன்றைக்கே ரத்து செய்து புதிதாக எடுத்துவிடுங்கள்.